புஷ்கரத்துச் சாவித்திரி மலை

ஜாதவ்பூரில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு மலை என்பதும் பாலை என்பதும் பள்ளிப் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்ட பொருள்கள். கங்கைச் சமவெளியின் இம்மூலையில் தரை தட்டையாகக் கிடக்கிறது. குளம், சேறு, தென்னை, மழைக்காலத்தில் முழங்கால் அளவு தெருநீர் ஆகியவையே எங்கள் உலகம். நாள்தோறும் நாங்கள் ஏறி இறங்கும் சிகரம் ரயில் நிலையத்து மேம்பாலம் ஒன்றுதான். அத்தகைய நாங்கள் சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் இராஜஸ்தானத்திற்குச் சென்று, பாலைநிலத்தின் விளிம்பில் நிற்கும் செங்குத்தான மலையொன்றில் ஏறப் புகுந்த கதையை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். இது வெற்றிக் கதை அன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

இதை எழுதுவது பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட ஒரு ரயில்வே குமாஸ்தாவின் கை. எங்கள் தந்தையார் சியால்தாவில் பயணச்சீட்டுக் கொடுக்கும் பணியில் இருந்தவர். பணியில் இருக்கும்போதே மறைந்தார். அவருடைய வேலையின் நிழலில்தான் எங்களுக்கும் வேலை கிடைத்தது. ஆண்டுதோறும் குடும்பத்தோடு செல்ல இலவசப் பாஸ் உண்டு. ஆயினும் ஹௌராவில் சென்னை மெயில் ஏறி ஊருக்குப் போய் வருவதிலேயே அது தீர்ந்துவிடும். ஒரு நாள் அம்மா, "ஆஜ்மீருக்கு எத்தனையோ பேருக்கு உன் அப்பா சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். புஷ்கரத்தில் பிரம்மாவுக்குக் கோயில் இருக்கிறதாம், ஒருமுறை போவோம் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்தான் போகவில்லை, நாமாவது போகலாமே, ஐயா" என்றார். அம்மா வாய்விட்டு ஒன்றைக் கேட்பது அரிது. பிள்ளைகளின் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் சியால்தாவிலிருந்து ஆஜ்மீர் செல்லும் விரைவு வண்டியில் ஜெய்ப்பூருக்குப் புறப்பட்டோம்.

எங்கள் குழுவில் அம்மா, இல்லத்தரசி, பதினொரு வயது மகன், ஆறு வயது மகள் ஆகியோர் இருந்தனர். புனேயில் பணிபுரியும் மைத்துனர் ஜெய்ப்பூரில் எங்களோடு சேர்ந்துகொண்டார். அவர் அங்கே எங்களுக்காக அமர்த்தி வைத்திருந்த வாகனத்தைக் கண்டு நாங்கள் வாயடைத்துப்போனோம். திரைப்பட நட்சத்திரங்கள் படப்பிடிப்பினிடையே இளைப்பாறுவதாகச் செய்தித்தாள்களில் படிக்கிறோமே, அந்தக் கேரவன் இனத்தைச் சேர்ந்தது அது. உள்ளே மடக்குக் கட்டில்கள், எரிவாயு அடுப்பு, சிறு குளிர்பதனப் பெட்டி, கைகழுவும் தொட்டி, ஓர் ஒடுக்கமான கழிப்பறை, நூறு லிட்டர் கொள்ளும் தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருந்தன. சக்கரம் பூட்டிய வீடு என்றே சொல்லவேண்டும்.

வீட்டைக் கூடவே கொண்டு போகும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. நம் அண்டை வீட்டு வங்காளிகள் இதில் நமக்கு மூத்தவர்கள். 1933இல் தொடங்கிய 'குண்டு ஸ்பெஷல்' என்னும் சுற்றுலா நிறுவனம், யாத்திரிகர்களோடு சமையற்காரரையும் அழைத்துச் சென்று, போகுமிடமெல்லாம் வங்காளச் சோறு படைத்தே பெயர் பெற்றது. ஆகவே இட்லி மாவும் காப்பிப் பொடியும் கட்டிக்கொண்டு நாங்கள் புறப்பட்டதைப் பார்த்து எவரும் நகைக்க வேண்டியதில்லை. நகைப்பதற்குரிய செய்தி பின்னால் வருகிறது.

ஜெய்ப்பூரிலிருந்து புஷ்கரம் ஏறத்தாழ 145 கிலோமீட்டர். ஆஜ்மீரைத் தாண்டியதும் 'நாக பஹாட்' என்னும் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. வண்டி வளைந்து வளைந்து ஏறி அப்பால் இறங்கியவுடன் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. உலகின் மிகப் பழைய மலைத்தொடர்களுள் ஒன்றான ஆரவல்லி அது. மழைக்காற்று வீசும் திசைக்கு இணையாகவே அம்மலைத்தொடர் படுத்திருப்பதால், அரபிக் கடலிலிருந்து வரும் மேகங்களைத் தடுத்து நிறுத்தும் வலிமை அதற்கு இல்லை. மேற்கே செல்லச் செல்ல மழை குறைந்துகொண்டே போகிறது. கல்கத்தாவில் ஆண்டுக்கு 1600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பொழிகிறது. ஜெய்சால்மேரில் அதில் ஒரு சிறு பங்கே பெய்கிறது. புஷ்கரம் இவ்விரண்டுக்கும் நடுவே, பாலையின் வாயிற்படி போன்று அமைந்திருக்கிறது. இப்பகுதியில் பிறக்கும் லூனி ஆறு தென்மேற்காக ஓடி, வழியிலேயே உப்பாகி, கடலைக் காணாமலே கட்ச் சதுப்பு நிலத்தில் மறைந்துவிடுகிறது. ஆறு என்றால் கடலில் சேர்வது என்றே எண்ணியிருந்த எங்கள் மகனுக்கு இது பெருவியப்பாக இருந்தது. "அப்படியானால் அந்த ஆறு எங்கே போகிறது?" என்று பலமுறை கேட்டான்.

புஷ்கரம் சிறிய ஊர். நடுவே ஏரி, சுற்றிலும் 52 படித்துறைகள். ஊருக்குள் ஊனும் மதுவும் விலக்கப்பட்டிருக்கின்றன. சுற்றுப்புறங்களில் ரோஜா பயிரிட்டுக் குல்கந்து செய்கிறார்கள். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி நடைபெறும் ஒட்டகச் சந்தை உலகப் புகழ் பெற்றது. நாங்கள் சென்றது சந்தைக் காலம் அன்றாகையால் ஊர் அமைதியாக இருந்தது. பிரம்மாவின் கோயில் செந்நிறக் கோபுரத்தோடு படிகளின்மேல் நிற்கிறது. அம்மா நெடுநேரம் கைகூப்பி நின்றார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நாங்கள் கேட்கவில்லை.

பிரம்மாவுக்கு ஏன் கோயில்கள் அரியன என்பதற்கு நம் நாட்டில் ஒரு கதை உண்டு. அண்ணாமலையாரின் முடியைக் கண்டதாகத் தாழம்பூவைச் சாட்சி வைத்துப் பொய் சொன்னதால் வந்த சாபம் என்பது நாம் பாட்டியிடம் கேட்ட கதை. புஷ்கரத்துக் கதை வேறு. பிரம்மா இங்கே வேள்வி செய்யத் தொடங்கியபோது தேவி சாவித்திரி வந்துசேரத் தாமதமாயிற்று. நல்ல வேளை தவறிவிடும் என்று, காயத்திரியை மணந்து பக்கத்தில் அமர்த்திக்கொண்டு வேள்வியை நடத்திவிட்டார். வந்து பார்த்த சாவித்திரி சினந்து, உனக்கு வேறெங்கும் வழிபாடு இல்லாமற் போகக்கடவது என்று சபித்து, மலையுச்சிக்குச் சென்று அமர்ந்துவிட்டாள். அந்த மலைதான் இரத்தினகிரி. மக்கள் அதைச் சாவித்திரி மலை என்றே அழைக்கிறார்கள்.

அங்கே நமக்கு நெருக்கமான காட்சி ஒன்றும் உண்டு. 1823இல் ஐதராபாத்து வணிகர் ஒருவர் எழுப்பிய பழைய ரங்கஜி கோயில், தென்னாட்டுக் கோபுரத்தோடு அம்மணல் நாட்டில் நிற்கிறது. வறண்ட காற்றில், ஒட்டக வண்டி போகும் தெருவில், திடீரென்று அந்தக் கோபுரத்தைக் கண்டதும் எங்கள் சிறுமி, "நம்ம ஊர்!" என்று கூவினாள். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். ஊரைப் பார்த்தது மூன்று முறைதான்.

அன்றிரவு மலையடிவாரத்திற்குச் சற்றுத் தொலைவில் வண்டியை நிறுத்தினோம். பக்கத்து உணவுக்கடைக்காரர் கொடுத்த கயிற்றுக் கட்டில்களில் மைத்துனரும் ஓட்டுநரும் வெளியே படுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர் மார்வாட்டுக்காரர், வயதில் முதிர்ந்தவர். அவர் உறங்கப் போகுமுன், "மலை ஏறுவதானால் காலை ஐந்தரை மணிக்குப் புறப்படுங்கள், சூரியன் உயரும் முன் இறங்கிவிடுங்கள்" என்று சொன்னார். நாங்களும் தலையசைத்தோம்.

நகைப்புக்குரிய செய்தி இதுதான். வீட்டையே கூடக் கொண்டு சென்றதனால் வீட்டுச் சோம்பலும் கூடவே வந்துவிட்டது! விடுதியில் தங்கியிருந்தால் பல் துலக்கிப் புறப்பட்டிருப்போம். வண்டியிலோ அடுப்பு இருந்தது. ஆகவே டிகாக்‌ஷன் இறங்கவேண்டும். இட்லிப் பானை இருந்தது. ஆகவே இட்லி வேகவேண்டும். தொட்டியில் நீர் இருந்தது. ஆகவே ஒவ்வொருவராகக் குளிக்கவேண்டும். எல்லாம் முடிந்து படியில் கால் வைக்கும்போது மணி பத்து.

மலையுச்சிக்கு 2016 முதல் கம்பிவட ஊர்தி ஓடுகிறது. அதை அமைத்தது நம் கல்கத்தா நிறுவனமொன்று என்றறிந்து மகிழ்ந்தோம். அம்மாவும் இல்லத்தரசியும் சிறுமியும் அதில் ஏறிக்கொண்டார்கள். மகன் நடந்தே ஏறவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஆகவே அவனும் மைத்துனரும் இதை எழுதுபவருமாக மூவர் கால்நடையாகத் தொடங்கினோம். எங்களிடம் இருந்தது ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி ஒன்று. கீழே வண்டியின் தொட்டியில் பாதிக்கு மேல் நீர் இருந்தது என்பதை இங்கே வெட்கத்தோடு குறிப்பிடுகிறோம்.

தொடக்கத்தில் பாதை சாய்வாக, எளிதாகவே செல்கிறது. பிறகு கற்படிகள். ஒன்றுக்கொன்று உயரம் ஒவ்வாத படிகள். சில முழங்காலளவு உயர்ந்தவை. இருபுறமும் முட்செடியும் காய்ந்த பாறையும். கருமுகக் குரங்குகள் பாறை நிழலில் அமர்ந்து எங்களைப் பார்த்தன. அவை வெயிலில் வரவில்லை. குரங்குக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியவில்லை. பாதிக்கு மேல் படிகள் செங்குத்தாகின்றன. மகன் முன்னே ஓடி ஓடி நின்று, "சீக்கிரம் வாங்க, மாமா" என்று மைத்துனரை அழைத்தான். புட்டி அதற்குள் காலியாகிவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். ஜாதவ்பூரில் வெயிலில் நடந்தால் வியர்வை சட்டையை நனைத்துச் சொட்டும். உடம்பு நீரை இழக்கிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். பாலைக் காற்று அப்படியன்று. அது வியர்வையைத் தோலின்மீது தோன்றும்போதே உறிஞ்சிவிடுகிறது. சட்டை உலர்ந்தே இருக்கிறது. காற்றும் இதமாகவே வீசுகிறது. "நம் ஊர் அளவுக்கு இங்கே வியர்க்கவில்லையே!" என்று நாங்கள் பெருமையாகவே பேசிக்கொண்டு ஏறினோம். உண்மையில் மூவரும் நீரை இழந்துகொண்டிருந்தோம்.

மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருப்போம். மகன் ஓடுவதை நிறுத்தினான். பிறகு நடப்பதையும் நிறுத்தினான். தலை வலிக்கிறது என்றான். ஒருமுறை வாந்தி எடுத்தான். முகம் வெளுத்துப் படியில் உட்கார்ந்துவிட்டான். கையைத் தொட்டால் ஈரமாகச் சில்லென்றிருந்தது. அப்போது எங்களுக்கு உண்டான கலக்கத்தை எழுத்தில் வைக்க இயலாது. மைத்துனர் மேலே சுட்டிக்காட்டி, "அத்தான், உச்சி இதோ தெரிகிறது. தூக்கிக்கொண்டு ஏறிவிடுவோம். அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் இறக்கிவிடலாம்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. ஆயினும் எஞ்சியிருந்ததே மிகச் செங்குத்தான பகுதி. எங்களுக்கே மூச்சு வாங்கியது.

அவ்வமயம் மேலிருந்து ஒரு மூதாட்டி இறங்கி வந்தார். கனத்த பாவாடை, தலையை மூடிய முக்காடு, செருப்பில்லாத கால்கள். விடியுமுன் ஏறி வழிபாடு முடித்துச் சாவதானமாக இறங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மகனைப் பாறை நிழலுக்கு நகர்த்தச் சொன்னார். தம் துணிப்பையிலிருந்த புட்டியை எடுத்துச் சிறிது நீரை மகனுடைய கைக்குட்டையில் நனைத்துக் கழுத்திலும் நெற்றியிலும் வைத்தார். மிச்சத்தை மடக்கு மடக்காகக் குடிக்கக் கொடுத்தார். மைத்துனர் தம் ஆலோசனையை இந்தியில் சொன்னதும், "தேவி நாளைக்கும் இங்கேயேதான் இருப்பாள். பையனைக் கீழே கொண்டு போ" என்றார். அவ்வளவுதான். புட்டியில் தமக்கென்று ஒரு வாய் நீரும் அவர் வைத்துக்கொள்ளவில்லை என்பதைப் பிறகே உணர்ந்தோம்.

கால்மணி நேரத்தில் மகனின் முகத்தில் நிறம் திரும்பியது. கைபேசியில் இல்லத்தரசிக்குச் செய்தி சொல்லி, அம்மாவிடம் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டோம். பிறகு ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக மகனைப் பிடித்துக்கொண்டு, நிழல் கண்ட இடமெல்லாம் நின்று, கீழிறங்கினோம். ஓட்டுநர் தொலைவிலேயே எங்களைக் கண்டு தண்ணீரோடு ஓடி வந்தார். வண்டிக்குள் கிடத்தி, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தை நீரில் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுத்தார். ஒரு கடிந்த சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தப் பொட்டலத்திற்கும் நம் வங்காளத்திற்கும் ஓர் உறவு உண்டு. 1971இல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் பெருந்திரளாக வந்தபோது, போங்காவ் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலானாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவர் கல்கத்தாவிலேயே வாழ்ந்து 2022இல் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அகதிகள் குடியேறி உருவாக்கிய குடியிருப்புகள் நிறைந்த ஜாதவ்பூரிலிருந்து சென்ற நாங்கள், அங்கே பிறந்த மருந்தைப் பாலையின் விளிம்பில் ஒரு மார்வாட்டுக்காரர் கையால் பெற்றுக்கொண்டோம்.

பகல் ஒரு மணிக்கு அம்மா ஊர்தியில் இறங்கி வந்தார். நேரே மகனிடம் சென்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். எவரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கோயிலைச் சுற்றியிருக்கும் சுவரோரம் நின்று, எங்கள் வருகைக்காகப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பேரனின் சிவப்புச் சட்டை புள்ளியளவில் ஏறிக்கொண்டே வந்ததாம். பிறகு அது நகராமல் நின்றுவிட்டதாம். எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவு நேரமும் அம்மா அங்கேயே நின்றிருக்கிறார்.

ஆகையால் உச்சியிலிருந்து தெரியும் காட்சியைப் பற்றி எழுத எங்களுக்கு உரிமை இல்லை. அன்று மாலை அம்மா சொன்னதையே இங்கே எழுதுகிறோம். கீழே ஏரி ஒரு கைக்கண்ணாடி போல் கிடக்கிறதாம். ஒருபுறம் நாக பஹாட்டின் முதுகு, மறுபுறம் மணல்மேடுகள். ஊரின் வெள்ளை வீடுகளுக்கிடையில் பிரம்மா கோயில் இருக்கும் இடத்தையும் ஒருவர் காட்டினாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் சற்று நிறுத்தினார். பின்பு, "சாவித்திரி கோபித்துக்கொண்டு போனாள் என்கிறார்களே, ஐயா. போனவள் எங்கே போய் உட்கார்ந்தாள் பார்த்தாயா? அவர் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்" என்றார்.

எங்கள் தந்தையார் அம்பாசமுத்திரத்திற்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தபோது, அம்மா மணமாகி ஆறு மாதத்துப் பெண். வாடகைக்கு ஓர் அறை பிடித்து அவரை அழைத்துக்கொள்ள மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த மூன்று ஆண்டுகளும் மாலைதோறும் கோயில் மண்டபத்துப் படியில் அமர்ந்தால் பேருந்து வரும் சாலை தெரியும் என்பதை, முப்பது வயது கடந்த எங்களிடம் அம்மா அன்றுதான் முதன்முறையாகச் சொன்னார். "கோபம் இருந்தது. ஆனாலும் அந்தப் படியில்தான் போய் உட்காருவேன்" என்று சிரித்தார்.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் கூறுவதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர் பலர் நம்மிடையே இருப்பர். பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு. பொருள் தேடிச் செல்பவன் ஒருவன். வழி பார்த்திருப்பவள் ஒருத்தி. அது மணலைப் பற்றிய பாட்டு என்று எண்ணியிருந்தோம். பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் அது ஒரு தலைமுறையாவது நடந்திருக்கிறது என்பது அன்று மாலை வண்டி வாயிலில் அமர்ந்திருந்தபோது எங்களுக்குப் புரிந்தது. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் ஒவ்வொருவரிடமும் ஒரு படி, ஒரு சாலை இருக்கும். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

இனி, அங்கே செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். ஐப்பசியிலிருந்து மாசி வரை உகந்த காலம். ஏறுவதானால் இருட்டு விலகும் நேரத்தில் தொடங்குங்கள். காப்பி திரும்பி வந்தபின் ஆகட்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் நீரேனும் வேண்டும். உப்பு-சர்க்கரைப் பொட்டலம் இரண்டும், தலைக்குத் துணியும், பிடிப்புள்ள செருப்பும் தவறாமல் வேண்டும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது குடிக்கவேண்டும். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் கண்டால் உடனே நிழலில் அமர்த்தி, உடம்பை நனைத்து, விசிறி, சிறுகச் சிறுக நீர் கொடுக்கவேண்டும். பேச்சுத் தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ, ஒரு நொடியும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். உச்சி எத்தனை அருகில் தெரிந்தாலும், குழுவில் மிகத் தளர்ந்தவர் எவரோ அவருடைய நிலையைக் கொண்டே முடிவு செய்யவேண்டும். மூத்தோரும் சிறுவரும் கம்பிவட ஊர்தியில் செல்வதில் குறைவொன்றும் இல்லை. எங்கள் குழுவில் தேவியைத் தரிசித்தவர்கள் அவர்களே.

அந்த மூதாட்டியின் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஊரில் தேடினோம், காணவில்லை. மறுநாள் விடியற்காலையில் புறப்படுமுன், மலைப்படியின் தொடக்கத்தில் இருக்கும் கடைக்காரரிடம் பன்னிரண்டு புட்டித் தண்ணீரை வாங்கி, அவரிடமே கொடுத்து, தண்ணீரில்லாமல் ஏறுபவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டோம். எங்களைப் போன்றவர்கள் வேறு எவரும் வருவார்களா என்று ஐயத்தோடு சொன்னோம். அவர் சிரித்து, "தினமும் வருகிறார்கள்" என்றார்.

ஜாதவ்பூருக்குத் திரும்பிய அன்று மழை. ஈரக் காற்று முகத்தில் பட்டதும் சட்டை நனைந்தது. மகன் பள்ளிக்குச் செல்லும்போது இப்போது யாரும் சொல்லாமலே புட்டியை நிரப்பிக்கொள்கிறான். மைத்துனர் அடுத்த ஆண்டு மீண்டும் கேரவன் அமர்த்தலாம் என்று எழுதியிருக்கிறார். போகலாம் என்றே பதில் எழுதினோம். விடியற்காலை நாலரை மணிக்கு எல்லோரையும் எழுப்பும் பொறுப்பை அம்மா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.